கைப்பிடி யாரிடம்?

வாடைக்காற்று தொடங்கிய கிழமை. இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு மகள் விறாந்தைக்கு வந்து, கால் விரிக்கும் இயந்திரத்தில் ஏறி இருந்து கைப்பிடியைச் சுற்றினாள். எந்நாளும் 'டிக், டிக்' என்று ஒழுங்காகச் சொல்லும் பற்சக்கரம் அன்றைக்குக் 'கிறீச்' என்று நீட்டி முனகியது. திருகோணமலையில் உவர்மலைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஒருபுறம் உட்துறைமுகம், மறுபுறம் பெருங்கடல். யன்னல் கொளுக்கி, சைக்கிள் செயின், தையல் மெசின் என்று வீட்டிலுள்ள எந்த இரும்பையும் உப்புக்காற்று விட்டு வைப்பதில்லை.

"அப்பா, எண்ணெய் விடோணும்" என்றாள் மகள்.

எண்ணெய்ப் போத்தலை எடுக்க எழும்பியவன் அப்படியே நின்றுவிட்டேன். அந்தக் கிறீச்சை எனக்கு முன்பே தெரியும். திருக்கடலூரில் எங்கள் பழைய வளவுக் கிணற்றில் தொங்கிய இரும்புக் கப்பியின் சத்தம் அது. முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. ஆனாலும் அந்தச் சத்தம் கேட்டதும் இடது தொடையின் உட்பக்கம் தானாக ஒருமுறை இறுகிக்கொண்டது.

அப்போது எனக்குப் பதினாலு வயது. தொண்ணூறுகளின் தொடக்கம், யுத்த காலம். பொழுது சாய்ந்தால் படலையைச் சாத்திவிட்டு எல்லோரும் வீட்டுக்குள் இருக்க வேண்டிய காலம். சாமத்திய வீடோ கலியாண வீடோ நடந்தால் வந்த சனம் இருட்டிய பிறகு வீடு திரும்ப முடியாது. விடியும்வரை அங்கேயே தங்கும். அந்த நீண்ட இரவைக் கழிக்க டெக்கும் ரீவியும் வாடகைக்கு எடுத்துப் படம் போடுவார்கள். முதலில் இரண்டு தமிழ்ப் படம். பெரியவர்கள் பாயில் சரிந்த பிறகு, பொடியளுக்காக ஓர் இங்கிலிஷ் சண்டைப் படம். அப்படி ஒரு சாமத்திய வீட்டில்தான் ஜோன் குளோட் வான் டாம் நடித்த 'கிக்பொக்ஸர்' பார்த்தோம். 1989இல் வந்த படம், எங்கள் தெருவுக்கு வந்து சேர மேலும் இரண்டு மூன்று வருடம் எடுத்தது. அதில் குரு கதாநாயகனின் இரண்டு கால்களையும் கயிற்றில் பிணைத்து, மரங்களுக்கு நடுவே இழுத்து விரிப்பார். அவன் வலியில் கத்துவான். குரு விடமாட்டார். கடைசியில் அவன் வெல்வான்.

விடிந்து வீட்டுக்கு நடந்து வரும்போது நானும் என் கூட்டாளியும் வேறொன்றும் கதைக்கவில்லை. அவன் பக்கத்து வளவு. அவனுடைய சித்தப்பா கரைவலைக்குப் போகிறவர். அவர்கள் வீட்டுக் கொட்டிலில் பழைய வலைக்கயிறு சுருள் சுருளாகக் கிடக்கும். கயிறு அவன் பக்கம், கப்பி என் பக்கம். கிணற்றுக் கப்பியைக் கழற்றி வேப்பமரக் கிளையில் கட்டினோம்.

அம்மம்மா திண்ணையில் இருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தா. எழுபதைத் தாண்டியவ. கிடுகு பின்னும்போது ஓலையின் மேல் குந்தி, நுனிவரை அரங்கி அரங்கிப் போவா. அரிசியில் கல் பொறுக்கும்போது இரண்டு கால்களையும் அகல விரித்து நீட்டி, நடுவில் சுளகை வைத்து, நெற்றி சுளகில் முட்டும் அளவுக்குக் குனிவா. குனிந்தபடியே பழைய கதைகளும் சொல்லுவா. முதுகு பிடித்தது, கால் விறைத்தது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

"காலை நீட்டுறதுக்கு ஏன்டா தம்பி கயிறு?" என்று கேட்டா. நாங்கள் பதில் சொல்லவில்லை.

மரத்தில் முதுகைச் சாய்த்து நான் நின்றேன். கணுக்காலில் கயிறு. கயிறு கப்பியில் ஏறி மறுபக்கம் அவன் கைக்குப் போனது. தொடங்கும் முன் நானே அவனிடம் சொன்னேன்: "நான் கத்தினாலும் விடாத. படத்தில அவன் கத்தேக்க மாஸ்டர் விட்டவரே?"

அவன் தலையாட்டினான். கப்பி கிறீச்சிட்டது. கால் இடுப்புக்கு வந்தது, மார்புக்கு வந்தது. நான் கத்தினேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன் அவன், விடவில்லை. இன்னொரு முழம் இழுத்தான். தொடைக்குள் ஏதோ 'டக்' என்று விட்டது. அதன் பிறகு கத்தக்கூட என்னால் முடியவில்லை. நான் சத்தமில்லாமல் சரிவதைக் கண்டுதான் அவன் கயிற்றை விட்டான்.

அடுத்த நாள் தொடையிலிருந்து முழங்கால்வரை கருநீலம் இறங்கியிருந்தது. அப்பா என்னைக் கிண்ணியாவில் ஒரு முறிவு நெரிவு வைத்தியரிடம் கொண்டு போனார். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்துவது கடினம். அந்த நாளில் வாகனமும் சனமும் ஆடு மாடும் ஒன்றாகத் தண்ணீரைக் கடந்தது பாதையில்தான். பாதை என்றால் தெருவல்ல, அகலமான மிதவை. சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டு எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். அப்பா ஒன்றும் சொல்லாமல் என்னை முதுகில் ஏற்றிக்கொண்டு வரிசையில் நின்றார். அவருடைய சேட்டின் வியர்வை மணமும், பாதை கரையில் முட்டும்போது வந்த அந்தத் தடுமாற்றமும் இன்றைக்கும் என்னிடம் இருக்கின்றன.

பரியாரியார் வெள்ளைச் சாரம் கட்டிய வயதான மனிதர். எண்ணெயைச் சூடாக்கி, விரல் நுனியால் தொட்டுத் தொட்டுத் தேடினார். ஒவ்வோர் இடத்திலும் "நோவுதா மகன்?" என்று கேட்டார். "ஓம்" என்று நான் சொன்ன அந்தக் கணமே விரலை எடுத்துவிட்டார். எலும்பில் பிசகில்லை, சதைதான் கிழிந்திருக்கிறது என்றார். பத்துப் போட்டு, சீலையால் சுற்றிக் கட்டி, மூன்று கிழமை நடக்க வேண்டாம் என்றார். அவர் சொன்ன மற்றவை மறந்துபோயின. அந்த "நோவுதா?"வும், உடனே விலகிய விரலும் மறக்கவில்லை.

கூட்டாளியின் சித்தப்பா ஒருநாள் என்னைப் பார்க்க வந்தார். கையில் பொரித்த சாளை மீன். கட்டிலில் இருந்துகொண்டு அவர் எங்கள் இருவருக்கும் கரைவலை இழுப்பதைப் பற்றிச் சொன்னார். "முப்பது பேர் நிண்டு இழுக்கிறம். ஏன் பாட்டுப் பாடி இழுக்கிறம்? அலை வரேக்க இழுக்கோணும், அலை திரும்பேக்கப் பிடிச்சுக்கொண்டு நிக்கோணும். அலை திரும்பேக்க ஒருத்தன் சடாரெண்டு இழுத்தானெண்டா மடி கிழிஞ்சுபோம். கிழிஞ்ச மடியில மீன் நிக்காது."

கூட்டாளி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் சொல்லித்தான் இழுத்தான் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த வருடம் அவர்கள் குடும்பம் கொழும்புக்குப் போய், அங்கிருந்து கனடாவுக்குப் போய்விட்டது.

கால் ஆறியது. ஆனால் குறுகி ஆறியது. அதோடு வீடும் மாறத் தொடங்கியது. தரையில் பாய் விரித்துச் சாப்பிட்ட வீட்டில் மேசை வந்தது. குந்தியிருந்த இடத்தில் கொமட் வந்தது. திருவலையில் ஒரு காலை மடித்து இருந்து தேங்காய் துருவிய குசினியில் மேசை விளிம்பில் பூட்டும் துருவி வந்தது. கிடுகு வேலி மதிலானது. அம்மம்மாவின் இடுப்பைக் கடைசிவரை இளக்கமாக வைத்திருந்த வேலைகள் ஒவ்வொன்றாக வீட்டை விட்டுப் போயின. போனது எங்களுக்குத் தெரியவே இல்லை. நாற்பது வயதில் ஒருநாள் பத்திரகாளி அம்மன் கோயில் அன்னதானப் பந்தியில் இருந்தேன். சம்மணம் கட்ட முடியாமல் ஒரு காலை நீட்டியபடி சாப்பிட வேண்டியிருந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் தன் இலையைச் சற்று நகர்த்தி என் காலுக்கு இடம் விட்டார். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

யுத்தம் முடிந்து வீதிகள் திறந்ததும் கன்னியா வெந்நீரூற்றுக்குக் குடும்பமாகப் போனோம். இராவணன் தன் தாயின் அந்தியேட்டிக்காக உண்டாக்கினான் என்று சொல்லப்படும் ஏழு சிறிய கிணறுகள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. வாளியால் அள்ளி அள்ளித் தொடையில் ஊற்றினேன். திரும்பி வரும்போது கால் எவ்வளவோ இலகுவாக இருந்தது. அடுத்த நாள் விடிய மறுபடியும் விறைப்பு. சூடு கதவைத் திறந்து விடுகிறது, ஆனால் அந்த நேரத்தில் உள்ளே போக வேண்டியவர் நாம்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மகளுக்குப் பதினொரு வயதானபோது கராட்டி வகுப்புக்குப் போனாள். உயர உதைக்க வேண்டும், கால் விரியவில்லை என்று தினமும் கவலை. கால் விரிக்க இயந்திரம் இருக்கிறதாம், வாங்கித் தாங்கோ என்று கேட்டாள். நான் மறுத்தேன். காரணம் சொல்லவில்லை. ஒருநாள் வேலையால் வந்தபோது, அவள் தன் சால்வையை யன்னல் கம்பியில் கட்டி, மறுநுனியைக் கணுக்காலில் முடிந்து, சிநேகிதியை இழுக்கச் சொல்லிக்கொண்டு நின்றாள். என் நெஞ்சு பதறிவிட்டது. அன்றிரவே வாங்குவதென்று முடிவெடுத்தேன்.

தேடத் தொடங்கினால் மூன்று வகை இருந்தன. கதவில் மாட்டி இழுக்கும் பட்டி ஒன்று; மலிவு, ஆனால் எனக்கு அது பழைய கயிறேதான். மூன்று கம்பிகள் சேர்ந்த சிறியது இரண்டாவது. இரண்டு கம்பி கணுக்கால்களைப் பிடிக்க, நடுக்கம்பியைக் கையால் இழுக்க வேண்டும். மூன்றாவது கதிரை வடிவம்: முதுகுச் சாய்வு, மெத்தை இருக்கை, கால்களைத் தாங்கும் இரண்டு நீண்ட கைகள், முன்னால் ஒரு கைப்பிடிச் சக்கரம், பக்கத்தில் பாகை எழுதிய தகடு. விலை கூடியது மூன்றாவதுதான். இருந்தும் அதையே எடுத்தேன். அதில் கைப்பிடி, ஏறி இருக்கிறவரின் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. வேறொருவர் தேவையில்லை. பற்சக்கரத்தில் பூட்டு உண்டு. ஒரு நெம்பைத் தட்டினால் இரண்டு கைகளும் உடனே தளர்ந்துவிடும். வாங்க நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது இது ஒன்றுதான்: நிறத்தையும் மெத்தையையும் பிறகு பாருங்கள், அந்த நெம்பு எவ்வளவு சுகமாக விடுகிறது என்பதை முதலில் பாருங்கள்.

கொழும்பிலிருந்து லொறியில் பெரிய பெட்டியாக வந்தது. நானும் மகளும் விறாந்தையில் நட்டும் போல்ட்டும் பரப்பி வைத்து, படத்தைப் பார்த்துப் பார்த்துப் பூட்டினோம். பூட்டி முடித்ததும், தெரிந்த ஓர் இயன் மருத்துவரைக் கூட்டி வந்து காட்டினேன். அவர் தேத்தண்ணியைக் குடித்தபடி மகளிடம் கேட்டார்: "முழங்காலுக்குக் கீழ சின்னச் சுத்தியலால தட்டினா என்ன நடக்கும்?"

"கால் உதைக்கும். தெறிவினை. விஞ்ஞானப் புத்தகத்தில இருக்கு" என்றாள்.

"அதேதான் இஞ்சயும். சுத்தியல் பட்டதும் தொடைத் தசை சடாரெண்டு இழுபடுது. தசைக்குள்ள அதை உணர்ற நுண்ணிய கருவியள் இருக்கு. கிழியப் போகுதெண்டு அவை முள்ளந்தண்டுக்குச் சொல்ல, மூளையைக் கேக்காமலே தசை இறுகுது. வேகமா இழுத்தா உங்கட தசை உங்களுக்கு எதிரா இழுக்கும். மெதுவா இழுத்துப் பிடிச்சுக்கொண்டிருந்தா அது தானா விடும்."

லிடெல், ஷெரிங்டன் என்ற இருவர் 1924இல் இந்த இழுவைத் தெறிவினையை எழுதி வைத்தார்கள் என்று அவர் சொன்னார். பிறகு 1940களில் அமெரிக்காவில் கெர்மன் கபற் என்ற மருத்துவரும் மார்கிரெற் நொற் என்ற இயன் மருத்துவரும் இளம்பிள்ளை வாத நோயாளிகளுக்காக ஒரு முறையை வளர்த்தார்கள். அதிலிருந்து வந்த பயிற்சி ஒன்றை இயந்திரத்தில் செய்து காட்டினார். கால்களை இழுவை தெரியும் அளவுக்கு விரித்துவிட்டு, ஐந்தாறு விநாடி மெத்தைக் கைகளை உள்நோக்கி அழுத்த வேண்டும். பிறகு மூச்சை விட்டுத் தளர வேண்டும். அந்தத் தளர்வில் ஒரு 'டிக்' மட்டும் கூட்டி, அரை நிமிடம் பிடித்து நிற்க வேண்டும்.

அழுத்து, விடு, பிடித்து நில். நான் அவரைப் பார்த்தபடி இருந்தேன். பொரித்த சாளை மீனோடு கட்டிலில் இருந்து அந்தச் சித்தப்பா சொன்னதும் இதைத்தான்.

குளிர்ந்த உடம்போடு ஏறக் கூடாது என்பது மருத்துவரின் முதற் கட்டளை. அதனால் இரவில் ஏறும் முன் முற்றத்தில் கொஞ்சம் நடப்போம். விடியற்காலையிலும் நானும் மகளும் நடக்கிறோம். பிரட்றிக் கோட்டை வாசலால் நுழைந்து, கோணேசர் கோயில் ஏற்றத்தில் போய்த் திரும்புவோம். வழியில் மரங்களுக்குக் கீழே புள்ளிமான்கள் படுத்திருக்கும். எழும்பும்போது ஒவ்வொரு மானும் செய்கிற ஒன்றை மகள்தான் எனக்குக் காட்டினாள். எழும்பிய உடனே ஓடுவதில்லை. முன்கால்களை முன்னுக்கு வைத்து, முதுகை வளைத்து, பின்காலை ஒவ்வொன்றாகப் பின்னுக்கு நீட்டி, உடம்பை ஒருமுறை உதறிவிட்டுத்தான் முதல் அடி வைக்கிறது. யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. அம்மம்மாவுக்கும் யாரும் கற்றுக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

முதலில் இயந்திரம் மகளுக்கென்றுதான் வந்தது. ஒரு மாதம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்த பிறகு, ஓர் இரவு எல்லோரும் படுத்ததும் நான் ஏறி இருந்தேன். 88 பாகை. அதற்கு மேல் ஒரு 'டிக்'குக்கும் தொடை சம்மதிக்கவில்லை. கிழமையில் நான்கு நாள், கால் மணி நேரம். முதற் கிழமைகளில் கூடுவது பெரும்பாலும் தசையின் நீளமல்ல, அந்த இழுவையைப் பொறுத்துக்கொள்ள நரம்புகள் பழகுவதுதான் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அது எனக்கு ஆறுதலாக இருந்தது. என் கால் முப்பது வருடமாகப் பயந்திருந்தது என்றே எடுத்துக்கொண்டேன். பயந்த பிள்ளையிடம் எப்படிக் கதைப்போமோ அப்படி அதனோடு கதைத்தேன். மாரி முடிந்தபோது 104. சித்திரைக்கு 112. மகள் 150ஐத் தாண்டிவிட்டாள். எல்லோருக்கும் 180 வராது. தொடையெலும்பின் பந்து இடுப்புக் கிண்ணத்தில் எப்படிப் பொருந்தியிருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் வேறு. எலும்பு எலும்பில் முட்டுகிற இடத்தில் எந்தப் பயிற்சியும் நிற்க வேண்டியதுதான். சித்திரை வருடப் பிறப்பன்று தரையில் பாய் விரித்து, சம்மணம் கட்டி, மகளோடு இலையில் சாப்பிட்டேன். எனக்கு அந்த ஆண்டு கிடைத்த கைவிசேடம் அதுதான்.

அன்றைக்கு இயந்திரத்தின் படத்தை ஸ்காபரோவில் இருக்கும் கூட்டாளிக்கு அனுப்பினேன். நல்லது கெட்டதுக்கு மட்டும் கதைக்கிறவர்களாகிவிட்டோம். ஓர் இரவு கழித்து ஒரே ஒரு கேள்வி வந்தது: "கைப்பிடி ஆரிட்ட?"

"என்னட்டத்தான்" என்று எழுதினேன்.

உடனே அழைத்தான். அவனுக்கு அங்கே நடுச்சாமம். "மச்சான், நீ கத்தினது இண்டைக்கும் என்ர காதுக்க கிடக்கு. நான் விட்டிருக்கோணும்" என்றான். முப்பது வருடத்துக்கு முன் அவன் சித்தப்பாவின் முன்னால் நான் சொல்லாமல் விட்டதை அப்போதுதான் சொன்னேன்: "விடாத எண்டு சொன்னது நான். நீ என்ர சொல்லைத்தான் காப்பாத்தினனீ." அந்தப் பக்கம் நெடுநேரம் சத்தமில்லை. பிறகு அவன் தன் மகனின் படிப்பைப் பற்றிக் கதைத்தான்.

இவையெல்லாம் அந்த ஒரு கிறீச்சில் வந்து போயின. எண்ணெய்ப் போத்தலோடு குனிந்து, பற்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லுக்கும் ஒவ்வொரு துளி விட்டேன். பழந்துணியால் துடைத்துச் சுற்றிப் பார்த்தேன். கிறீச் போய் 'டிக்' திரும்பி வந்தது. மகள் தன் பயிற்சியை முடித்து இறங்க, நான் ஏறி இருந்தேன். கைப்பிடிக்குக் கை நீட்டிய நேரம் அவள் முன்னால் வந்து நின்றாள்.

"இண்டைக்கு நான் சுத்தவா அப்பா?"

அந்த இயந்திரம் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என் கால் ஏறியிருக்கும்போது கைப்பிடியை நான் யாரிடமும் கொடுத்ததில்லை. தொடை தானாக இறுகியது. அவள் காத்துக்கொண்டு நின்றாள். நான் கையை எடுத்தேன்.

"போதும் எண்டா நிப்பாட்டோணும், மகள்."

"ஓம் அப்பா."

டிக். நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் மூச்சை விட்டேன். டிக். மறுபடியும் நின்றாள். வெளியே வாடைக்காற்று தென்னோலையை அள்ளி அள்ளி விட்டுக்கொண்டிருந்தது. அழுத்தினேன், விட்டேன். டிக். தொடையின் உட்பக்கத்தில் பழைய இடம் மெல்லச் சூடேறியது. "போதும்" என்றேன். சொல் முடிய முன்னமே அவளுடைய கை கைப்பிடியை விட்டு விலகிவிட்டது, பரியாரியாரின் விரல் விலகியது போல.

படுக்கப் போகும் முன் கூட்டாளிக்கு எழுதினேன்: "இண்டைக்கு மகள் சுத்தினவள். சொன்ன உடன விட்டவள்."

அவனுக்கு அங்கே காலை. வேலைக்குப் போகிற அவசரத்திலும் பதில் வந்தது: "எத்தினை பாகைடா?"

தகட்டில் பார்த்ததை எழுதி அனுப்பினேன். 116.